கேட் முதலியார்: ஊர் சொல்லும் கதையும் சட்டப் புத்தகம் சொல்லும் கதையும்

கல்முனைப் பக்கம் வயது போன ஆட்களோடு அரசியல் கதைக்க உட்கார்ந்தால், கதை எப்படியும் ஒரு கட்டத்தில் கேட் முதலியாரிடம் போய் நிற்கும். "அந்த மனிசன் இருந்த காலத்துல..." என்று தொடங்குவார்கள். அவர் கச்சேரிக்குள் நுழைந்தால் யார் யார் எழும்பி நின்றார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வழி பண்ணினார், யாருக்கு வேலை எடுத்துக் கொடுத்தார், யாரை முகம் பார்க்காமல் அனுப்பினார் என்று அஸருக்குப் பிறகு தொடங்குகிற கதை மஃரிபு வரைக்கும் போகும். கல்முனை ஸாஹிராக் கல்லூரியின் 1949ஆம் ஆண்டுத் தொடக்கத்தையும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் ஊர் சொல்லும்.

எங்களில் ஒருவர் கொழும்பில் சட்டம் படித்தார். அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்று ஒரு வழக்கு வரும். பரீட்சைக்குக் கட்டாயம் வரும் கேள்வி என்பதால் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தார். அந்தக் காரியப்பர்தான் தன் மூத்தவாப்பா சொல்லிக்கொண்டிருந்த கேட் முதலியார் என்பது, அவர் ஒரு பெருநாள் லீவுக்கு ஊருக்கு வந்து கதையோடு கதையாக வழக்கைச் சொன்னபோதுதான் தெரியவந்தது. மூத்தவாப்பாவுக்கு வழக்கு தெரியாது, பேரனுக்கு ஆள் தெரியாது.

இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் பிறந்தது. ஊரிடம் இருக்கும் பாதிக் கதையையும் சட்டப் புத்தகத்திடம் இருக்கும் பாதிக் கதையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தோம். ஒருவரைத் தூக்கி வைக்கவோ போட்டு உடைக்கவோ இதை எழுதவில்லை. நம்முடைய கரையோரம் தன் எம்.பியிடம் என்ன கேட்டது, என்ன பெற்றது, எதை இழந்தது என்று விளங்கிக்கொள்ள இந்த ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கையைப் போல உதவுகிற இன்னொன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வாசலில் நின்ற ஆள்

முதலில் பெயரைப் பார்ப்போம். எம்.எஸ். காரியப்பர் 1899இல் பிறந்தவர். 'கேட் முதலியார்' என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம். தேசாதிபதியின் வாசலோடு சேர்த்து எண்ணப்படும் முதலியார் என்று அர்த்தம், பழைய தமிழில் 'வாசல் முதலியார்' என்பார்கள். அதிகாரம் இருக்கும் வீட்டுக்கும் வெளியே நிற்கும் சனத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள்.

அந்தக் காலத்தில் நம்முடைய ஊர்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. அம்பாறை என்று ஒரு மாவட்டம் கிடையாது. கரவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப்பற்று, பாணமைப் பற்று என்று பற்றுக்களாகப் பிரித்து, வன்னியனார், முதலியார், விதானை என்று தலைமைக்காரர்களை வைத்து ஆட்சி நடந்தது. 1930களின் பிற்பகுதியில் இந்த முறையைக் கலைத்துவிட்டு டி.ஆர்.ஓ. என்ற அதிகாரிகளைக் கொண்டுவந்தார்கள். காரியப்பர் அந்த நிர்வாகத்துக்குள் இருந்து வந்தவர், டி.ஆர்.ஓவாக இருந்தவர். சனங்களுக்கு அவர் முதலில் அரசாங்கம், அதற்குப் பிறகுதான் அரசியல்வாதி.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீளும் இந்தக் கரையைத் தெரியாமல் இங்கே வோட்டுப் போடுகிற கணக்கு விளங்காது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறிக் கோர்த்த மாலை மாதிரிக் கிடக்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே மொழி. தாய் வழியில் எண்ணும் குடி முறையும் இரு பக்கத்தாருக்கும் உண்டு. பெரிய வயற்காணிக்குச் சொந்தக்காரர் போடியார். அவரிடம் வயல் செய்கிறவர்கள், அவரை நம்பியிருக்கும் குடும்பங்கள் என்று ஒரு அடுக்கு. தண்ணீர் திறக்கிற நாள் தொடக்கம் காணி பெர்மிட் வரைக்கும் எல்லாம் மட்டக்களப்புக் கச்சேரியில் தீர்மானமாகும். கச்சேரியின் பாசை இங்கிலீசு. இப்படிப்பட்ட இடத்தில் சனத்துக்கு முதலில் தேவைப்பட்டது கொள்கை விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. வாசலுக்குள் போய் வரத் தெரிந்த ஆள்.

ஆகவே, 1946இல் உருவான ஐக்கிய தேசியக் கட்சியின் ஆளாகக் காரியப்பர் 1947 தேர்தலில் கல்முனைத் தொகுதியை வென்றதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏற்கெனவே வாசலில் நின்றவரைச் சனம் உள்ளே அனுப்பியது, அவ்வளவுதான்.

கல்லோயாவும் 1956ம்

1952இல் தொகுதி வேறொருவர் கைக்குப் போனது. அதற்கிடையில் நம்முடைய முதுகுப் பக்கத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் என்று இன்றைக்கு நாம் சுற்றுலாப் போகிற குளத்தை உண்டாக்கினார்கள். காடு வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன. காணி கிடைத்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள். கரையோரத்து ஆட்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் வாய்க்காலின் தலைப்பில் ஒரு சனமும் கடைசியில் இன்னொரு சனமுமாக அமைந்த அந்த இடது கரை, தண்ணீர் குறைந்த வருடங்களில் யாருடைய வயல் முதலில் காயும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது. நம்முடைய வாப்பாமார் இன்றைக்கும் சிறுபோகத்தில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கதையின் தொடக்கம் அங்கேதான்.

காணிப் பிரச்சினையோடு மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. 'சிங்களம் மட்டும்' என்ற கோசத்தோடு 1956 ஏப்ரல் தேர்தல் வந்தது. இங்கே நம்முடைய வரலாற்றில் பலரும் தாண்டிப் போகும் ஒரு விசயம் இருக்கிறது. கொழும்பு முஸ்லிம் தலைமை ஒரு பக்கம் போனது. சேர் ராசிக் பரீத் பாராளுமன்றத்தில் சிங்களம் மட்டும் சட்டத்தை ஆதரித்தார். கிழக்கு முஸ்லிம் வோட்டோ வேறு பக்கம் போனது. அந்தத் தேர்தலில் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி வென்ற பத்து ஆசனங்களில் இரண்டு முஸ்லிம்களுடையவை. பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா, கல்முனையில் நம்முடைய கேட் முதலியார்.

யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருடத்துக்கு முன் யூ.என்.பி ஆளாக வென்ற, அரசாங்கத்தின் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சுமக்கும் ஒரு மனிதர், 'தமிழ் பேசும் மக்கள்' என்ற கொடியின் கீழ் நிற்கிறார். சனமும் அவருக்குப் போடுகிறது. அந்த வோட்டு முழுக்க ஆளுக்குப் போட்ட வோட்டு, கட்சிக்குப் போட்டதில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. ஆனால் சிங்களம் மட்டும் வந்தால் கச்சேரியில் தன் பிள்ளைக்கு வேலையில்லை என்று விளங்கிக்கொள்ள ஒரு கல்முனைக்குடி ஆளுக்கு எந்தக் கட்சியும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. அந்தச் சட்டம் வந்த ஜூன் மாதத்திலேயே கல்லோயாவில் கலவரம் நடந்ததும் இந்தக் கரைக்குத்தான் முதலில் தெரியும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த தேர்தல் வர முந்தியே இருவரும் தமிழரசுக் கட்சியை விட்டுப் போனார்கள். முஸ்தபா தகநாயக்கவின் குறுகிய அரசாங்கத்தில் நிதி அமைச்சராகவும் ஆனார்.

'கட்சி மாறி' என்ற சொல்

தமிழ்த் தேசிய அரசியல் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு சொல்லைப் போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள்: துரோகம். முஸ்லிம் அரசியல் பேசுகிறவர்கள் இன்னொரு சொல்லைப் போடுவார்கள்: சாணக்கியம். இரண்டு சொல்லும் எங்களுக்குப் போதவில்லை.

எதிர்க்கட்சியில் பத்துப் பேராக உட்கார்ந்திருந்த தமிழரசுக் கட்சியிடம் கொடுக்க ஒரு வேலையும் இல்லை, ஒரு பெர்மிட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தொகுதிகளில் கொள்கைக்காக எதிர்க்கட்சியில் இருப்பது ஒரு பெருமை. பள்ளிக்கூடங்களும் உத்தியோகத்தர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். நம்முடைய கரையில் அப்போதுதான் பள்ளிக்கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. எம்.பி வாசலுக்கு வெளியே நின்றால் ஊரும் வெளியே நிற்கும். இது ஒரு உண்மை. இதைச் சொல்லாமல் துரோகம் என்று சொல்வது நேர்மையில்லை.

ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. சனம் 1956இல் ஒரு விசயத்துக்காகத்தான் போட்டது. அந்த வோட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போகும்போது சனத்திடம் யாரும் கேட்கவில்லை. சனம் அதை மறந்துவிட்டதா? தேர்தல் முடிவுகளைப் பாருங்கள். 1960 மார்ச்சில் காரியப்பர் மீண்டும் வென்றார். நான்கே மாதம் கழித்து அந்த வருட ஜூலைத் தேர்தலில் தொகுதி தமிழரசுக் கட்சி சார்பில் நின்ற எம்.சி. அஹமட் கைக்குப் போனது. அஹமட்டும் பிற்பாடு அரசாங்கப் பக்கம் போனார். 1965இல் சனம் திரும்பவும் கேட் முதலியாரைத் தெரிவு செய்தது.

இந்த வரிசையை நாங்கள் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். '47இல் ஏற்றினார்கள், '52இல் மாற்றினார்கள், '56இல் ஏற்றினார்கள், '60 மார்ச்சில் வைத்துக்கொண்டார்கள், ஜூலையில் மாற்றினார்கள், '65இல் ஏற்றினார்கள். "நம்மட சனம் பழக்கத்துல போடுறது" என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஒருக்கால் பார்க்க வேண்டும். இது பழக்கத்தில் போடுகிற சனத்தின் வரிசை இல்லை. ஒரே ஆளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்த சனத்தின் வரிசை. எம்.பி மட்டும் பேரம் பேசவில்லை, வோட்டரும் எம்.பியோடு பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இதே காலத்தில் காரியப்பர் அனைத்திலங்கை இஸ்லாமிய ஐக்கிய முன்னணி என்று ஒரு அமைப்பையும் கல்முனையிலிருந்து முயன்று பார்த்தார். அது நிலைக்கவில்லை. ஆனாலும் யூ.என்.பியும் இல்லை, தமிழரசும் இல்லை, கிழக்கு முஸ்லிம்களுக்கு என்று ஒரு கட்சி என்ற எண்ணம் 1980களில் ஆகாயத்திலிருந்து விழவில்லை என்பதற்கு அது சாட்சி.

1961 ஏப்ரலில் மட்டக்களப்பு மாவட்டத்தை உடைத்து அம்பாறை மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1963 குடிசன மதிப்பீட்டின்படி புதிய மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 46 வீதம், சிங்களவர் 29 வீதம், தமிழர் 23 வீதம். 2012இல் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17. இந்த எண்களைப் பார்த்தால் போதும். கரையோரத்து எம்.பி எவராக இருந்தாலும், அவர் காலுக்குக் கீழே நிலம் மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது.

ஒரு சட்டம், அதில் ஒரு பெயர்

இனி ஊர் சொல்லாத பாதிக்கு வருவோம்.

1959இல் இலஞ்சம் பற்றி விசாரிக்க ஒரு ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தல்கொடபிட்டிய ஆணைக்குழு என்று அதைச் சொல்வார்கள். சட்டசபைகளில் இருந்தவர்கள் பதவியைப் பயன்படுத்தி இலஞ்சம் வாங்கினார்களா என்று விசாரிப்பதே அதன் வேலை. விசாரணையின் முடிவில் சிலர் மீதான குற்றச்சாட்டுக்கள் நிரூபிக்கப்பட்டதாக ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. அவர்களில் ஒருவர் காரியப்பர்.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆணைக்குழு நீதிமன்றம் இல்லை. அது விசாரித்துத் தன் முடிவைச் சொல்லும், தண்டனை கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதே நேரம் அதன் முடிவை வெறும் கிசுகிசு என்று ஒதுக்கவும் முடியாது. சாட்சிகளைக் கேட்டு எழுதிய அறிக்கை அது. அந்த அறிக்கை 1965 தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டது. அது வந்த பிறகுதான் கல்முனை அவரைத் திரும்பவும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

சனம் அறிக்கையை நம்பவில்லையா, அல்லது நம்பியும் பரவாயில்லை என்று போட்டதா? இரண்டுக்கும் இடம் உண்டு. வாசலில் நிற்கும் ஆளிடம் சனம் கேட்டது கதவைத் திறக்கச் சொல்லித்தான், சாவி எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் அப்போது எத்தனை பேரிடம் இருந்தது? இன்றைக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது?

1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கவின் தேசிய அரசாங்கம் வந்தது. அந்த வருடம் நவம்பரில் பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது: குடியியல் தகுதியின்மைகளை விதிக்கும் விசேட சட்டம். ஆணைக்குழு குற்றம் கண்ட ஆட்களின் பெயர்களை அட்டவணையில் போட்டு, இவர்கள் தேர்தலில் நிற்க முடியாது, வோட்டும் போட முடியாது, எம்.பியாக இருந்தால் ஆசனம் வெற்றிடமாகும் என்று சொன்னது அந்தச் சட்டம். எல்லோருக்குமான சட்டம் இல்லை அது, பெயர் குறிப்பிட்டு எழுதிய சட்டம். அப்போது கல்முனையின் எம்.பி காரியப்பர். ஒரு நாள் சபையில் இருந்தவர், சட்டம் வந்த மறுநாள் இல்லை என்றானார்.

அவர் வழக்குப் போட்டார். எப்படிப் போட்டார் என்பதுதான் சட்ட மாணவர்களுக்குப் பிடித்த இடம். 'என் ஆசனம் இன்னும் என்னுடையது, ஆகவே என்னை உறுப்பினராக ஏற்று எனக்குரிய சம்பளத்தைத் தாருங்கள்' என்று பிரதிநிதிகள் சபையின் கிளார்க்குக்குக் கட்டளையிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். அந்தக் கிளார்க்தான் வழக்கின் பெயரில் வருகிற விஜேசிங்க. வெளியில் பார்த்தால் சம்பள வழக்கு. உள்ளே இருந்த கேள்வி பெரியது: பெயர் சொல்லி ஒரு மனிதரின் உரிமையைப் பறிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? அது நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றம் பறித்துக்கொள்வது இல்லையா?

உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில் நம்முடைய கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்த கோமறைக் கழகம், பிரிவி கவுன்சில். வழக்கு அங்கே போனது.

லண்டன் சொன்னது

கோமறைக் கழகம் இலங்கை விசயத்தில் அதற்குச் சற்று முன்புதான் இரண்டு பெரிய தீர்ப்புக்களைக் கொடுத்திருந்தது. 1964இல் 'இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க'. இலஞ்சத்தை விசாரிக்க அமைத்த நியாயசபையின் உறுப்பினர்கள் நீதிச் சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படவில்லை, அதற்கான சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மைச் சான்றிதழும் இல்லை, ஆகவே அது கொடுத்த தண்டனை செல்லாது என்றது. 1965 டிசம்பரில் 'லியனகே' வழக்கு. 1962 சதி முயற்சியில் பிடிபட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே, அவர்கள் பிடிபட்ட பிறகு எழுதிய சட்டங்கள் நீதித்துறையின் அதிகாரத்தில் கை வைக்கின்றன, ஆகவே செல்லாது என்றது.

ஆகவே காரியப்பருக்கு நம்பிக்கை இருந்திருக்கும். ஆனால் 1967இல் கோமறைக் கழகம் அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளியது. சுருக்கமாக அதன் காரணம் இதுதான். இந்தச் சட்டம் காரியப்பர் குற்றவாளி என்று தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு ஆணைக்குழு விசாரித்துச் சொன்ன முடிவை எடுத்துக்கொண்டு, பொது வாழ்க்கையைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகச் சில தகுதியின்மைகளை விதிக்கிறது. அது தண்டனை இல்லை. யாப்போடு அது முரண்பட்டாலும், சபாநாயகரின் மூன்றில் இரண்டு பெரும்பான்மைச் சான்றிதழ் அதற்கு இருக்கிறது. யாப்பைத் திருத்துகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு சட்டம் அந்தப் பெரும்பான்மையோடு யாப்பைத் திருத்தலாம்.

லியனகே வழக்கை நினைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு எங்களுக்குச் சங்கடமாகவே இருக்கிறது. வோட்டையும் ஆசனத்தையும் பறிப்பது தண்டனை இல்லை என்றால் வேறு எதைத் தண்டனை என்பது? கல்முனைச் சனம் அனுப்பிய ஆளை, சனத்தைக் கேட்காமல், நீதிமன்றமும் தண்டிக்காமல், வேறு தொகுதிகளின் எம்.பிக்கள் கூடி நீக்கியிருக்கிறார்கள். மறு பக்கம், இலஞ்சம் வாங்கியதாக விசாரணையில் முடிவான ஒருவர் சட்டம் இயற்றும் சபையில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதைச் சரி என்று சொல்லவும் எங்களால் முடியவில்லை. அவர் மீது வழக்குத் தாக்கல் செய்து, நீதிமன்றத்தில் நிரூபித்து, அதற்குப் பிறகு நீக்கியிருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. குறுக்கு வழி சரியான இடத்துக்கே கொண்டுபோனாலும், பிறகு அந்த வழியில் யார் யாரெல்லாம் வருவார்கள் என்பதுதான் பயம்.

வந்தார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, 1980 ஒக்டோபரில், வேறொரு விசேட ஆணைக்குழுவின் அறிக்கையை வைத்து, வேறொரு மூன்றில் இரண்டு பெரும்பான்மை, முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்தது. நாடு முழுக்க அதைப் பற்றிக் கதைத்தது, இன்றைக்கும் கதைக்கிறது. அந்த வழி முதலில் கல்முனைக்காரர் ஒருவர் தலைக்கு மேலாகப் போனது என்று கதைத்தவர்கள் குறைவு.

அவருக்குப் பிறகு

வழக்கு முடிந்த பின் 1968இல் கல்முனையில் இடைத்தேர்தல் நடந்தது. எம்.சி. அஹமட் வென்றார், 1970இலும் அவரே. 1977இல் யூ.என்.பியின் ஏ.ஆர். மன்சூர் வந்தார். பிறகு வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். அதே 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து நின்ற முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணிக்கு ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. அந்த மேடைகளில் பேசிய இளம் சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப். 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸை அவர் கட்சியாக வளர்த்தார். 1988இல் பிரேமதாசவோடு பேரம் பேசி, பாராளுமன்ற ஆசனத்துக்கான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்க வைத்தார். அடுத்த வருடம் நான்கு ஆசனங்களோடு கட்சி பாராளுமன்றத்துக்குள் போனது.

எங்கள் பார்வையில் இது காரியப்பர் செய்த அதே வேலைதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தோடு. கேட் முதலியார் ஒரு ஆளாக வாசலில் நின்றார், அஷ்ரஃப் ஒரு கட்சியாக நின்றார். ஆள் பேரம் பேசினால் ஊருக்குப் பள்ளிக்கூடம் வரும். கட்சி பேரம் பேசினால் தேர்தல் சட்டமே மாறும். 1994இல் சந்திரிகா அரசாங்கத்தில் துறைமுக அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தது. எங்களில் பாதிப் பேர் படித்தது அங்கேதான், அந்த நன்றியை மறைக்கத் தேவையில்லை. 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்தது. கட்சியாக நின்றது அதன் பிறகு திரும்பவும் ஆள் ஆளாகப் பிரிந்து போனது.

அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. வாயில் மண் நிறைந்து வள்ளங்கள் போய்வர முடியாமல் போனதும், பக்கத்துக் கரையைக் கடல் தின்றதும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்த எவருக்கும் தெரியும். கொண்டுவந்ததை மட்டும் எண்ணி எம்.பிக்குப் புள்ளி போடும் பழக்கத்துக்கு அந்தக் கரையைவிடப் பெரிய பாடம் இல்லை.

நாம் என்ன கேட்கிறோம்?

2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வந்தது. அந்த மாதங்களில் கொரோனாவில் மௌத்தான நம்முடைய ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார். எதிர்க்கட்சி வோட்டில் வென்று போன அவருடைய எம்.பிக்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். ஊரில் கோபம் வந்தது. "எரிக்கிறத நிப்பாட்டத்தான் போட்டம்" என்ற விளக்கமும் வந்தது. 1956க்குப் பிறகு சொன்ன விளக்கத்தின் பேரப்பிள்ளை அது.

அதே காலத்தில் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று ஒரு ஊரே எழும்பி, 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெரிய கட்சிகளை விட்டுவிட்டுச் சுயேச்சைக் குழுவுக்குப் போட்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து சில நாளிலேயே இரத்தானது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் தமிழ் அயலவர்களோடு இன்னும் இழுபறி. இந்த மூன்றிலும் நம்முடைய அரசியல்வாதிகள் கொழும்பு வாசலில்தான் நின்றார்கள். காரைதீவுக்கும் பாண்டிருப்புக்கும் நடந்து போய்க் கதைக்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பிரச்சினையைக்கூட நாம் கொழும்பு வழியாகத் தீர்க்கப் பார்க்கிறோம். எழுபது வருடமாக வாசலையே பார்த்து நின்றதால் வந்த கழுத்துப் பிடிப்பு இது என்று எங்களுக்குப் படுகிறது.

கேட் முதலியாரின் கதையை ஊர் சொல்லும்போது அதில் கொண்டுவந்தவை மட்டும் இருக்கும். சட்டப் புத்தகத்தில் பறித்தது மட்டும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு விசயம் தெரிகிறது. வாசலில் நின்று பேரம் பேசுகிற ஆளின் பலம் எல்லாம் அந்த வாசல் திறந்திருக்கும் வரைக்கும்தான். ஒரு நாள் உள்ளே இருப்பவர்கள் அவர் பெயரை ஒரு அட்டவணையில் எழுதிக் கதவைச் சாத்தினால், நான்கு தடவை அனுப்பிய சனத்தால்கூட அதைத் திறக்க முடியாது. அவருடைய கை சுத்தமாக இருந்திருந்தால் அந்த அட்டவணையில் பெயர் எழுத அவர்களுக்குச் சாட்டு கிடைத்திருக்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆகவே அடுத்த தடவை ஊரில் யாராவது எம்.பி ஒருவரைப் பற்றி "அவர் என்னத்தக் கொண்டுவந்தார்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள். எதைக் கொடுத்துக் கொண்டுவந்தார்? கொடுக்க முந்தி நம்மிடம் கேட்டாரா?

மூத்தவாப்பாமார் இருக்கும்போதே அவர்களிடம் போய் உட்கார்ந்து இந்தக் கதைகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நண்பர் அந்தப் பெருநாள் லீவில் வழக்கை முழுக்கச் சொல்லி முடித்தபோது, அவருடைய மூத்தவாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு விசயம்தான் கேட்டார்: "அப்ப நாங்க போட்ட வோட்டுக்கு லண்டன்ல ஒருத்தனும் பதில் சொல்லலியா மகன்?"